ஒன்பது ஆண்டு தோண்டியவர் அப்புறம் நாற்பது ஆண்டு என்ன செய்தார்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "லீ ஜியைச் சீனத் தொல்லியலின் தந்தை என்கிறார்கள். ஆனால் அவர் ஆன்யாங்கில் தோண்டியது 1928லிருந்து 1937 வரைதான். அதற்குப் பிறகு 1979ல் இறக்கும்வரை சொல்லிக்கொள்ளும்படி பெரிய அகழாய்வு எதுவும் நடத்தவில்லை. மிச்ச வாழ்க்கையைப் பழைய பேரிலேயே ஓட்டிவிட்டாரா? என் அக்கா மகள் சீனத் தொல்கலை படிக்கப்போகிறேன் என்கிறாள், அதனால்தான் கேட்கிறேன்."

கேள்வியில் தப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நானும் கல்லூரி நாட்களில் ஒரு அகழாய்வு முகாமுக்குப் போகும்வரை, ஆளுயரக் குழிக்குள் இறங்கித் தூரிகையால் மண்ணைத் துடைப்பதுதான் இந்த வேலை என்று நினைத்திருந்தேன். போன இடத்தில் குழிக்குள் என்னை விட்டது நாலைந்து நாள்தான். மற்ற நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து பானை ஓடு கழுவினேன். கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு ஓட்டின் உள்பக்கத்திலும் மெல்லிய பேனாவால் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் எழுத வேண்டும். எண் அழிந்துபோனால் அந்த ஓடு வெறும் ஓடு, தெருவில் கிடக்கிற ஓட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. லீ ஜியின் வாழ்க்கையை அங்கிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அவர் தோண்டினது ஒன்பது வருஷம், மீதி நாற்பத்திரண்டு வருஷமும் அந்த எண்கள் அழியாமல் பார்த்துக்கொண்டார். எனக்கு அதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.

முதலில் ஆளைப் பற்றி. 1896ல் ஹூபெய் மாகாணத்து ஜோங்ஷியாங்கில் பிறந்தவர். சிங்ஹுவா பள்ளியில் படித்தார். அமெரிக்காவுக்கு மாணவர்களை அனுப்புவதற்காகவே ஏற்படுத்திய பள்ளி அது. 1900ல் வெளிநாட்டவருக்கு எதிராக வெடித்த பாக்ஸர் கலகத்துக்கு அபராதமாகச் சீனா கட்டிய பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்கா திருப்பிக் கொடுக்க, அதில் நடந்தது. 1918ல் கப்பல் ஏறினார். கிளார்க் பல்கலைக்கழகத்தில் முதலில் உளவியல், பிறகு சமூகவியல், அதற்கும் பிறகு ஹார்வர்டில் மானுடவியல், 1923ல் முனைவர் பட்டம். ஆய்வேடு சீன மக்கள் எப்படி உருவானார்கள் என்பதைப் பற்றி. அதற்காக மனிதர்களின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், பழைய ஊர்களுக்கு மதில் எழுந்த காலத்தைப் பட்டியல் போட்டார், குடும்பப் பெயர்கள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பார்த்தார். கவனியுங்கள், இதில் தொல்லியல் என்று தனியாக ஒன்றுமே இல்லை. அளக்கிற பழக்கம் மட்டும் இருக்கிறது, அது கடைசிவரை அவரை விடவில்லை.

ஊர் திரும்பி, தியான்ஜினில் நான்காய் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஷின்ஜெங்கில் வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன, போய் ஒழுங்காகத் தோண்டிப் பாருங்கள் என்று புவியியலாளர் டிங் வென்ஜியாங் 200 யுவான் ஏற்பாடு செய்து அனுப்பிவைத்தார். போனால் நல்ல பொருளெல்லாம் ஏற்கெனவே வாரியாகிவிட்டது, சில எலும்புகள்தான் மிச்சம், கூடவே கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்ற பேச்சு வேறு. மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார். முதல் அகழாய்வு இப்படி முடிந்தது.

அடுத்து நடந்ததுதான் அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டுகிறது. வாஷிங்டனின் ஃபிரியர் கலைக்கூடத்திலிருந்து கார்ல் பிஷப் என்பவர் வந்து, எங்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், பணம் நாங்கள் தருகிறோம் என்றார். அந்தக் காலத்தில் சீனாவுக்கு வந்த வெளிநாட்டு ஆய்வாளர்களில் பலரும் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனவர்கள்தான், துன்ஹுவாங் குகையிலிருந்த பழைய சுவடிகள் அப்படித்தான் வெளிநாடு போயின. லீ ஜிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, கையில் காசும் இல்லை. இருந்தும் நிபந்தனை போட்டார்: சீனாவில் தோண்டினால் சீன அமைப்பு ஒன்றோடு சேர்ந்துதான் தோண்ட வேண்டும், எடுத்த பொருள் சீனாவில்தான் இருக்க வேண்டும். ஃபிரியர் ஒப்புக்கொண்டது. அதற்குள் சிங்ஹுவாவில் லியாங் சிசாவ், வாங் குவோவெய் மாதிரி பெருந்தலைகள் இருந்த ஆய்வு நிறுவனத்துக்கு அவரும் விரிவுரையாளராகப் போயிருந்தார். அப்படி அமைந்ததுதான் 1926 இலையுதிர்காலத்து ஷியின் அகழாய்வு, ஷான்ஷி மாகாணத்து ஷியா வட்டத்தில் ஒரு கிராமம். சீனர் ஒருவர் பொறுப்பேற்று அறிவியல் முறையில் நடத்திய முதல் அகழாய்வு என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

ஷியினில் தங்கமும் இல்லை, வெண்கலமும் இல்லை. வெறும் வண்ணப் பானை ஓடுகள். அறுபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அடைத்து வண்டியிலும் ரயிலிலும் பெய்ஜிங்குக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு தூரம் உடைந்த சட்டியையா தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று வழியில் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். அந்த ஓடுகளுக்கு நடுவில் ஒரு பட்டுப்புழுக் கூடு, பாதி மட்டும், கூரான எதனாலோ வெட்டிய மாதிரி. கற்காலத்திலேயே பட்டா என்று ஊரெல்லாம் பேச்சு. 1928ல் அவர் அமெரிக்கா போனபோது ஸ்மித்சோனியனில் காட்டி, வளர்ப்புப் பட்டுப்புழுவினத்தைச் சேர்ந்ததுதான் என்று கேட்டுக்கொண்டார். அது உண்மையிலேயே அந்த மண்ணடுக்கின் காலத்தைச் சேர்ந்ததா, பிற்காலத்தில் உள்ளே புகுந்ததா என்பதில் இன்றும் சண்டை உண்டு. ஆனால் அப்படிச் சண்டை போட முடிவதற்கே காரணம், அது எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததுதான்.

அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு லியாங் சிசாவ் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த தன் மகன் லியாங் ஸ்யோங்குக்கு உற்சாகமாகக் கடிதம் எழுதினார். மகன் ஷியின் ஓடுகளை வைத்தே தன் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். இந்தப் பையன் கதையில் திரும்ப வருவார்.

இப்போது ஆன்யாங். பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாட்டுமருந்துக் கடையில் 'டிராகன் எலும்பு' என்று பொடித்து விற்ற எலும்புகளில் பழைய எழுத்து இருப்பதை 1899ல் வாங் யிரோங் கவனித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. எலும்பு வியாபாரிகள் கிடைத்த இடத்தை மறைத்தே வைத்திருந்தார்கள். கடைசியில் ஹெனான் மாகாணத்து ஆன்யாங் பக்கம் ஷியாவ்டுன் கிராமம் என்று தெரியவந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஷாங் வம்சத்து அரசர்கள் மழை வருமா, போருக்குப் போகலாமா, பல் வலிக்கு எந்த மூதாதை காரணம் என்று குறி கேட்டுப் பொறித்த ஆமை ஓடுகளும் மாட்டுத் தோள்பட்டை எலும்புகளும் அவை. 1917ல் வாங் குவோவெய் இந்த எலும்புகளில் வரும் அரசர் பெயர்களைச் சீமா சியானின் பழைய வரலாற்று நூலோடு ஒப்பிட்டு, பட்டியல் பெரும்பாலும் பொருந்துகிறது என்று காட்டினார். இதெல்லாம் எழுத்தை வைத்துச் செய்த வேலை. எழுத்து கிடைத்த மண்ணை யாரும் பார்க்கவில்லை.

1928ல் ஃபூ ஸ்நியான் வரலாறு மொழியியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியதும் முதலில் டோங் ஜுவோபினை அனுப்பிப் பார்த்தார். எல்லாம் தோண்டித் தீர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்ன இடத்தில் இன்னும் எலும்பு இருக்கிறது என்று அவர் திரும்பிவந்து சொன்னார். அக்டோபரில் முதல் பருவம். தொல்லியல் பிரிவுக்குத் தலைவராக லீ ஜி. இரண்டாம் பருவத்திலிருந்து களத்தில் அவர் பொறுப்பு. பதினைந்து பருவங்கள், 1937 ஜூன் வரை.

லீ ஜி பெரிய தப்பும் செய்திருக்கிறார், அதைச் சொல்லாமல் விட்டால் இது துதிபாடலாகிவிடும். முதல் சில பருவங்களில் கெட்டியான, படிப்படியாக அடுக்கிய மாதிரி ஒரு மண்ணைப் பார்த்தார்கள். வெள்ளம் வந்து படிந்த வண்டல், ஷாங் தலைநகரமே வெள்ளத்தில் அழிந்திருக்கிறது என்று விளக்கம் சொல்லிவிட்டார்கள். அது வெள்ளமும் இல்லை, வண்டலும் இல்லை. மண்ணைக் கொட்டி, திமிசு போட்டுக் கெட்டித்து, அதன்மேல் மறுபடி மண் கொட்டிக் கெட்டித்து எழுப்பிய அடித்தளம், அதாவது அவர்கள் தேடிய அரண்மனையின் அஸ்திவாரம் காலடியிலேயே இருந்தது. ஷாண்டோங்கில் செங்ஸியா என்ற இடத்தில் இதே மாதிரி மதில் சுவரைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் புத்தி தெளிந்து, ஆன்யாங்குக்குத் திரும்பிக் கட்டடங்களைத் தேட ஆரம்பித்தார்கள். எழுதிய முடிவைத் தாங்களே அடித்துத் திருத்தினார்கள்.

செங்ஸியாவுக்கு ஏன் போனார்கள் என்பதும் ஒரு கதை. ஹெனான் மாகாணத்தார், எங்கள் மண்ணில் கிடைத்ததை நீங்கள் ஏன் தலைநகருக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று கொதித்தார்கள், போட்டிக்குத் தனியாகவே ஆள் வைத்துத் தோண்டினார்கள். வேலை நின்றது. வேறு வழியில்லாமல்தான் பக்கத்து மாகாணம். இந்தச் சண்டையில் ஹெனான்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று எனக்குப் படுகிறது, ஆனால் தோண்டிய முறையில் இரண்டு தரப்பையும் ஒன்றாக வைக்க முடியாது. லீ ஜியின் ஆட்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: பழம்பொருளை வாங்கவோ விற்கவோ சொந்தமாகச் சேர்க்கவோ கூடாது. தோண்டியதெல்லாம் நாட்டுக்கு. பழம்பொருள் சேர்ப்பது பெரிய மனிதருக்கு அழகு என்று ஆயிரம் வருஷமாக நம்பிய சமூகத்தில் இது சாதாரண விஷயமில்லை. அங்கே அறிஞர் என்றாலே வீட்டில் நாலு வெண்கலம் இருக்கும்.

1931ல் ஹார்வர்டிலிருந்து திரும்பியிருந்த லியாங் ஸ்யோங் ஹோகாங் மேட்டில் வண்ணப் பானை அடுக்கு கீழே, கறுப்புப் பானை அடுக்கு நடுவில், ஷாங் அடுக்கு மேலே என்று மூன்றையும் ஒரே இடத்தில் பிரித்துக் காட்டினார். அதுவரை எது முந்தியது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அன்றோடு ஒரு வரிசை கிடைத்தது. பிறகு 1934லிருந்து ஆற்றுக்கு வடக்கே அரசர் கல்லறைகள். கொள்ளையர்கள் பலமுறை புகுந்து போன கல்லறைகள்தான், இருந்தும் மாடு உருவம் பொறித்தது ஒன்று, மான் உருவம் பொறித்தது ஒன்று என்று இரண்டு பெரிய சதுர வெண்கலப் பாத்திரங்கள் தப்பியிருந்தன.

எல்லோரும் சொல்லும் உச்சக்கட்டம் 1936 ஜூன் 12. பதின்மூன்றாம் பருவத்தின் கடைசி நாள் என்று திட்டமிட்டிருந்த நாள். சாயங்காலம் எச்127 என்ற குழியில் ஆமை ஓடுகள் தலைகாட்டின. கொஞ்சம் எடுத்தார்கள், இன்னும் வந்தது, இருட்டும்வரை எடுத்தார்கள், இன்னும் வந்தது. ஒவ்வொன்றாக வெயிலில் பிரித்தெடுத்தால் நொறுங்கிவிடும். அதனால் குழியைச் சுற்றித் தோண்டி, உள்ளே இருந்ததை மண்ணோடு ஒரே கட்டியாக வெட்டி, பல டன் எடையை மரப்பெட்டிக்குள் அடைத்து, ஆட்கள் வைத்து இழுத்து ரயிலில் ஏற்றி நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அறைக்குள் வைத்து மாதக்கணக்கில் பிரித்தார்கள். மொத்தம் 17,096 துண்டுகள், அதில் ஏறக்குறைய முந்நூறு முழு ஆமை ஓடுகள். குப்பை மாதிரி வீசியதில்லை, அரசர் வூ டிங் காலத்து ஆவணங்களை ஒன்றாக உள்ளே போட்டிருக்கிறார்கள். அந்தக் குழிக்குள்ளேயே ஒரு மனித எலும்புக்கூடும் இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஜப்பானியப் போர். உங்கள் கேள்வியில் "அப்புறம் என்ன செய்தார்" என்று இருக்கும் இடம் இங்கே ஆரம்பிக்கிறது.

பெட்டிகளைத் தூக்கினார். நான்ஜிங்கிலிருந்து சாங்ஷா, அங்கிருந்து குன்மிங், அங்கிருந்து 1940 முடிவில் சிச்சுவானில் யாங்ஸி ஆற்றங்கரை லீஜுவாங் என்ற சின்ன ஊர். ஆயிரக்கணக்கான மைல். பெட்டிகளில் எலும்பும் ஓடும் வெண்கலமும் மட்டுமில்லை, களக்குறிப்பேடுகள், வரைபடங்கள், புகைப்படத் தகடுகள். குறிப்பேடு தொலைந்தால் வெண்கலம் இருந்தும் பயனில்லை. லீஜுவாங்கில் சுமைக்காரர் ஒருவர் பெட்டியைக் கீழே போட, உள்ளேயிருந்து மண்டை ஓடுகள் உருண்டன. வந்திருப்பவர்கள் மனிதனைத் தின்கிறவர்கள் என்று ஊர் முழுக்கப் புரளி. கடைசியில் ஊராரைக் கூப்பிட்டுக் கண்காட்சி மாதிரி வைத்து, இது இன்ன எலும்பு, இதற்காக வைத்திருக்கிறோம் என்று விளக்கிச் சொல்லித்தான் தப்பித்தார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. அதே பயணத்தில்தான் லீ ஜியின் இரண்டு மகள்கள் நோயில் இறந்தார்கள், ஒருத்தி குன்மிங்கில், ஒருத்தி லீஜுவாங்கில், மருந்து கிடைக்காத காலம். லியாங் ஸ்யோங்குக்குக் காசநோய் முற்றிப் படுத்த படுக்கையானார். ஆனாலும் லீஜுவாங்கில் ஓடு வகைப்படுத்தும் வேலை நின்றுவிடவில்லை.

1946ல் சீனத் தூதுக்குழுவோடு டோக்கியோ போனார், போரில் காணாமல்போன 'பெய்ஜிங் மனிதன்' என்ற ஆதிமனிதனின் எலும்புகளைத் தேட. கிடைக்கவில்லை, இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

1948 டிசம்பரில் மறுபடி பெட்டி. உள்நாட்டுப் போர் நான்ஜிங்கை நெருங்க, அரும்பொருட்களைக் கடற்படைக் கப்பலில் தைவானுக்கு அனுப்ப முடிவு. கப்பலோடு போனவர் லீ ஜி, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. ஆன்யாங் பெட்டிகளும் அதில் இருந்தன. கீலுங்கில் இறக்கி, யாங்மெய் என்ற ஊரில் ரயில் நிலையக் கிடங்கில் அடுக்கினார்கள். உலகத்தின் மிக முக்கியமான வெண்கலக் காலச் சேகரிப்பு சில ஆண்டுகள் ரயில்வே கிடங்கில் கிடந்தது. அவருடைய மகன் 1949ல் படிப்பதற்காகப் பெருநிலத்துக்கு, அதாவது சீனாவுக்கே, திரும்பிப் போனார், அப்புறம் நீரிணை மூடிக்கொண்டது, மகன் அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம்.

அவர் பெட்டிகளோடு போனது சரியா என்று இன்றும் விவாதிப்பார்கள். அரசியலை விட்டுவிடுகிறேன். தொல்லியலுக்கு அதில் ஒரு கொடுமையான விளைவு உண்டு: ஆன்யாங் மண் ஒரு நாட்டில், அதிலிருந்து எடுத்த பொருளும் குறிப்பேடும் இன்னொரு இடத்தில். இரண்டு பக்கமும் முப்பது ஆண்டு பேச்சுவார்த்தை இல்லை.

சரி, தைவானில் என்ன செய்தார்? 1949ல் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் மானுடவியல் துறையைத் தொடங்கினார். 1955லிருந்து 1972 வரை, தைவானுக்கு வந்துவிட்ட வரலாறு மொழியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். இதெல்லாம் பதவிகள். உண்மையான வேலை பானை. ஷியாவ்டுன்னில் எடுத்த ஓடுகள் மட்டும் ஏறத்தாழ 2,50,000. இவற்றுக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதுதான் பிரச்சினை. அதுவரை பாத்திரப் பெயர்கள் சோங் காலத்து அறிஞர்கள் தொகுத்த பட்டியல்களிலிருந்து வந்தவை. இது மது ஊற்றும் பாத்திரம், இது சோறு வைப்பது என்று அவர்கள் ஊகித்து வைத்த பெயரை எல்லோரும் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லீ ஜி பெயரை ஓரமாக வைத்துவிட்டுப் பானையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். உருண்டை அடியா, 0 முதல் 99. தட்டை அடியா, 100 முதல் 199. வளையம் மாதிரி பாதம் இருந்தால் 200கள், மூன்று கால் என்றால் 300கள், நான்கு கால் 400கள். மூடிகளுக்கு 900கள். அதற்குள் வாய் அகலம், சுவரின் சாய்வு என்று போகும். 1956ல் இது தனித் தொகுதியாக வந்தது. படிக்கச் சுவாரஸ்யமான புத்தகம் என்று சொல்லமாட்டேன், தொலைபேசி எண் புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் நாளை யாரோ ஒருவர் வேறு ஊரில் ஒரு ஓடு எடுத்தால் இதோடு ஒப்பிட முடியும், அதற்கான புத்தகம் அது.

அதே கண்ணை வெண்கலத்துக்கும் திருப்பினார். வான் ஜியாபாவ் என்பவர் வார்ப்புத் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து 1964லிருந்து 1972 வரை ஐந்து தொகுதிகள்: கூ என்னும் நீண்ட கழுத்துக் கிண்ணம், ஜுவே என்னும் மூக்கு நீண்ட முக்காலி, அப்புறம் ஜியா, டிங், கடைசியில் மிச்ச வகைகள். ஷாங் வெண்கலத்தை மெழுகு அச்சில் வார்க்கவில்லை, களிமண்ணில் மாதிரி செய்து, அதன்மேல் களிமண் அப்பி, துண்டு துண்டாக அறுத்தெடுத்துச் சுட்டு, மறுபடி சேர்த்து நடுவில் உலோகத்தை ஊற்றினார்கள். ஆன்யாங்கில் கிடைத்த அச்சுத் துண்டுகள்தான் சாட்சி. பாத்திரத்தின் உடம்பில் மேலிருந்து கீழே ஓடும் தையல் மாதிரி கோடுகள் அந்தத் துண்டுகள் சேர்ந்த இடம். அலங்காரம் ஏன் செவ்வகக் கட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது என்பதற்கும் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அக்கா மகள் கேட்பது கலை. மாக்ஸ் லோயர், ஜெர்மானியர், முதலில் மிச்சிகனிலும் பிறகு ஹார்வர்டிலும் பேராசிரியர். 1953ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஆன்யாங் காலத்தவை என்று கருதப்பட்ட வெண்கலங்களின் அலங்காரத்தை மட்டும் உற்றுப்பார்த்து, ஐந்து பாணிகள், ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்தன, வரிசை இது என்றார். மண்ணடுக்கு இல்லை, எழுத்து இல்லை, வெறும் கண். அதே காலத்தில் ஜெங்ஜோவில் ஆன்யாங்குக்கு முந்திய நகரம் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடைத்தவை அவருடைய முதல் பாணிகளாக இருந்தன. காலக்கணக்கில் சறுக்கினாலும் வரிசை நின்றது. லீ ஜி கவிழ்த்து அளந்தார், லோயர் நிமிர்த்திப் பார்த்தார். எனக்கு லீ ஜியின் வழிதான் பிடிக்கும், ஆனால் லோயர் மாதிரி ஒரு கண் கோடியில் ஒருவருக்குத்தான் வாய்க்கும் என்பதால் அதை நம்பிப் படிப்பில் இறங்கச் சொல்லமாட்டேன்.

லீ ஜி மேல் உள்ள உண்மையான புகார், அறிக்கைகள் தாமதமாயின என்பதுதான். ஆம், தாமதம்தான். அரசர் கல்லறைகளைத் தோண்டிய லியாங் ஸ்யோங் பெருநிலத்திலேயே தங்கி 1954ல் இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு தைவானில் காவ் சூஷுன் ஒவ்வொரு கல்லறையாக எழுதி முடித்து வெளியிட ஆரம்பித்தது 1962ல். ஷியாவ்டுன் கட்டடங்களை எடுத்துக்கொண்ட ஷி ஜாங்ரு நூறு வயதைத் தாண்டி 2004ல் இறந்தவர், கடைசிவரை அந்தக் குழிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். வாலிபத்தில் ஒன்பது வருஷம் தோண்டிய மண்ணுக்கு ஒரு தலைமுறையே ஆயுளைக் கொடுத்திருக்கிறது. இவர்கள் வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு குழியின் ஓடுகளையாவது கழுவி எண் போட்டுப் பார்க்கட்டும்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1935ல் ஆன்யாங்கில் பயிற்சிக்கு வந்த ஷியா நை என்ற இளைஞர் லண்டன் போய் எகிப்தியல் படித்தார், எகிப்திய மணிகளைப் பற்றி ஆய்வேடு எழுதினார். 1936ல் மார்ட்டிமர் வீலர் மெய்டன் காசிலில் நடத்திய அகழாய்வில் வேலை பழகினார். அதே வீலர்தான் 1945ல் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டியவர், நம்மூர்த் தொல்லியல் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பெயர். ஷியா நை பெருநிலத்தில் தங்கி, அங்கே தொல்லியல் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார், 1985ல் இறந்தார். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் 1976ல் ஷியாவ்டுன்னில் திறந்ததுதான் கொள்ளை போகாத ஃபூ ஹாவ் கல்லறை. 468 வெண்கலங்கள், 755 பச்சைக்கல் பொருட்கள், 6,800க்கு மேல் சோழிகள்.

ஃபூ ஹாவ் அரசர் வூ டிங்கின் மனைவி என்று கல்லறையை வைத்து மட்டும் சொல்லியிருக்க முடியாது. வெண்கலத்தில் பெயர் இருந்தது, அந்தப் பெயர் ஏற்கெனவே குறி எலும்புகளில் இருந்தது. எச்127லிருந்து வந்த ஒரு ஆமை ஓட்டில் அவள் பிரசவத்துக்குக் குறி கேட்டிருக்கிறார்கள். இன்ன நாளில் பிறந்தால் நல்லது, இன்ன நாளில் பிறந்தால் மிக நல்லது என்று அரசர் பலன் சொல்கிறார். முப்பத்தோராம் நாள் பிறந்தது, நல்லதாக இல்லை, பெண் என்று கீழே பொறித்திருக்கிறது. ஒருத்தியின் பிரசவக் குறிப்பு தைபேயில், அவள் கல்லறைப் பொருட்கள் பெருநிலத்தில். லீ ஜி பெட்டியையும் எண்ணையும் காப்பாற்றாமல் இருந்திருந்தால் இவ்விரண்டையும் பொருத்துவது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாங் குவாங்ஜி, மேலைநாட்டார் கே. சி. சாங் என்பார்கள், பள்ளி முடித்த வயதில் 1949ல் மாணவர் கைதுகளில் சிக்கிச் சிறையில் இருந்துவிட்டு வந்து லீ ஜியின் புதுத் துறையில் சேர்ந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, யேலிலும் ஹார்வர்டிலும் கற்பித்தார். 1963ல் முதலில் வந்து நான்கு பதிப்பு கண்ட அவருடைய நூல்தான் பல ஆண்டுகள் மேலைநாட்டு மாணவர்களுக்குச் சீனத் தொல்லியலின் வாசல். லீ ஜியே ஆன்யாங் கதையை ஆங்கிலத்தில் முழுதாக எழுதி வெளியிட்டது 1977ல், வயது எண்பத்தொன்று. இரண்டு வருஷத்தில் இறந்தார்.

உங்கள் அக்கா மகளுக்கு: பழைய சீனமொழி எப்படியும் படிக்க வேண்டும், அதில் தப்பிக்க வழியில்லை. பானை வரையக் கற்றுக்கொள்ளட்டும், நீள்வெட்டு வடிவத்தை அளந்து வரைவது பார்ப்பதற்கு எளிது, கைக்கு வர மாதங்கள் ஆகும். தைபே போகும் வாய்ப்பு கிடைத்தால் நான்காங்கில் அந்த ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. மாட்டுப் பாத்திரமும் மான் பாத்திரமும் அங்கேதான். எல்லோரும் அவற்றின் முன்னால் நிற்பார்கள், இவளும் நிற்கட்டும். அப்புறம் சாம்பல் நிறப் பானைகள் இருக்கும் பக்கம் போய், கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் குனிந்து, எது உருண்டை அடி, எது தட்டை அடி, எதற்கு மூன்று கால் என்று அவளே நூறு, இருநூறு, முந்நூறு போட்டுப் பார்க்கட்டும்.